கிட்டாருக்கு ஏன் அலுமினியத்தில் கழுத்து?

மார்கழிக் காலையில் எழுந்ததும் ஒரு கையை மர நாற்காலியின் கைப்பிடியிலும் இன்னொரு கையை சன்னல் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்தவை, இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். ஆனாலும் கம்பி சில்லென்று இருக்கும், மரம் அப்படி இருக்காது. உலோகம் உங்கள் கைச்சூட்டை மளமளவென்று வாங்கி உள்ளே கடத்திவிடுகிறது. மரம் வாங்கிய சூட்டைத் தோலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் கழுத்து வைத்த எலக்ட்ரிக் கிட்டார்களைப் பிடித்தவர்களுக்கு ஏன் பிடித்தது, பிடிக்காதவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதில் பாதிக்கு மேல் இந்தச் சில்லிப்பில்தான் இருக்கிறது.

முதலில் கழுத்து என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இடது கையால் பிடிக்கிற நீளமான பகுதி. வாசிப்பவர்கள் யாரும் அதைத் தமிழில் கழுத்து என்று சொல்வதில்லை, நெக் என்பார்கள். நானும் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதப்போகிறேன். அதன் முகப்பில் ஒரு பலகை, பலகையில் குறுக்கே பதித்த மெல்லிய உலோகக் கட்டைகள். அவற்றுக்குப் பெயர் ஃபிரெட். வீணையில் மெழுகு வைத்து மெட்டு கட்டுவார்கள் இல்லையா, அதே வேலைதான். நெக்கின் நுனியில் கம்பியை முறுக்கும் ஆணிகள். மறுமுனையில் உடல். கம்பியின் ஒரு முனை உடலில் இருக்கும் பிரிட்ஜில், இன்னொரு முனை தலையில்.

பார்ப்பதற்குச் சும்மா கையைத் தாங்குகிற கட்டை மாதிரித் தெரியும். உண்மையில் கிட்டாரிலேயே அதிகம் கஷ்டப்படுவது அதுதான். சாதாரணமாக மாட்டுகிற ஆறு கம்பிகளையும் சுருதிக்கு ஏற்றினால், எல்லாம் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். இரண்டு சிப்பம் அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு. கிட்டார் சுவரில் சும்மா தொங்கும்போதும் இந்த இழுவை இருந்துகொண்டே இருக்கும். இழுவை கம்பிகளின் பக்கம் மட்டும்தான். அதனால் நெக் வில்லைப் போல முன்பக்கம் வளையப் பார்க்கும். கொஞ்சம் வளைந்தால் பரவாயில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் வளைய வேண்டும், இல்லையென்றால் அதிர்கிற கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' என்பது நடுவில் கால் மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன்தான். அதற்கு மேல் போனால் கம்பி எழும்பி நிற்கும், அழுத்த விரல் வலிக்கும், அழுத்தினாலும் ஸ்வரம் பிசகும்.

மரத்தால் இந்த இழுவையைத் தனியாகத் தாங்க முடிவதில்லை. அதனால் இன்றைய கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் நெக்குக்குள் ஓர் எஃகுக் கம்பி ஒளிந்திருக்கிறது. டிரஸ் ராட் என்று பெயர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனத்தில் தேடியஸ் மெக்ஹ்யூ என்பவர் கொண்டுவந்தது. ஒரு சின்னச் சாவியால் முறுக்கினால், கம்பிகள் இழுக்கிற திசைக்கு எதிர்த்திசையில் நெக்கை வளைக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனாலும் மரம் மரம்தான், காற்றின் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் காயும். என் பழைய கிட்டார் ஒவ்வோர் ஐப்பசிக்கும் குணம் மாறும். செப்டம்பரில் வெண்ணெய் மாதிரி வாசிக்க வந்தது, அடைமழை நாலு நாள் பிடித்தால் ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேல் கரகரவென்று இரையும். டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்புவேன். தை பிறந்ததும் திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவேன்.

இந்தத் தொல்லையே வேண்டாம், மரத்துக்குப் பதிலாக உலோகம் போட்டால் என்ன என்று யாருக்காவது தோன்றுவது இயல்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யோசனை எலக்ட்ரிக் கிட்டாரின் தொட்டிலிலேயே இருக்கிறது. நன்றாக விற்ற முதல் எலக்ட்ரிக் கிட்டாரே அலுமினியக் கழுத்தோடுதான் பிறந்தது.

1930களின் தொடக்கம், லாஸ் ஏஞ்சலீஸ். ஜார்ஜ் போசாம்ப் என்கிற வாத்தியக்காரர், கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்து மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைச் செய்து வைத்திருந்தார். அடால்ஃப் ரிக்கன்பேக்கர் உலோக வேலைப் பட்டறை நடத்தியவர். இருவரும் சேர்ந்து 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் உடலும் கழுத்தும் ஒரே வார்ப்பு, முழுக்க அலுமினியம். சின்ன வட்ட உடல், நீண்ட கைப்பிடி. பார்க்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஃபிரையிங் பேன்'. நம்மூரில் என்றால் தோசைக்கல் என்றிருப்போம். அப்போது ஹவாய் இசை அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட காலம். இந்த கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிகளின் மேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். ஆகவே யாரும் அதன் கழுத்தைக் கையால் பிடிக்கவே இல்லை. சில்லிப்பு ஒரு பிரச்சினையாகவே இல்லை.

ஆனால் வேறொரு பிரச்சினை வந்தது. மேடை விளக்குகளின் சூட்டில் அலுமினியம் நீண்டது, சுருதி ஓடியது. அடுத்த சில வருடங்களிலேயே ரிக்கன்பேக்கர் நிறுவனம் பேக்கலைட் பிளாஸ்டிக்கில் ஒரு மாடலைச் செய்யத் தொடங்கியது. அலுமினியத்தின் பலவீனம் எது என்று முதல் ஐந்து வருடத்திலேயே தெரிந்துபோயிற்று. அப்படியும் பின்னால் வந்தவர்கள் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்குக் காரணம் உண்டு.

அலுமினியம் என்றதும் நமக்குக் கல்யாணச் சமையல் குண்டான் நினைவுக்கு வரும். கீழே விழுந்தால் நசுங்கும், அழுத்தினால் ஒடுங்கும். கிட்டாருக்குப் போகிற அலுமினியம் அது இல்லை. பெரும்பாலும் 6061 என்கிற கலவை, கொஞ்சம் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்த்தது. அதை 530 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்திருந்து கெட்டிப்படுத்துவார்கள். அப்படிப் பதப்படுத்தியதற்கு டி6 என்று பின்னொட்டு. நல்ல சைக்கிள் பிரேம்களில் இருப்பதும் இதேதான். இதில் செய்த நெக்கை மரத்தோடு ஒப்பிட்டால், ஒரே அளவுத் துண்டு மேப்பிள் மரத்தைவிட அலுமினியம் ஐந்து, ஆறு மடங்கு வளையாமல் நிற்கும். டிரஸ் ராட் தேவையில்லை. ஈரத்தைக் குடிக்காது, ஐப்பசியும் தையும் அதற்கு ஒன்றுதான். மரத்தில் இழை ஒரு பக்கம் ஓடும், முடிச்சு இருக்கும், ஒரே ஆலையில் அறுத்த இரண்டு பலகைகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். உலோகத்தில் அந்தத் தகராறு கிடையாது.

ஆனால் எடை? ஒரே கன அளவில் மேப்பிளைவிட அலுமினியம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு கனம். மர நெக்கின் அதே வடிவத்தைக் கட்டியான அலுமினியத்தில் கடைந்து மாட்டினால், பெல்ட்டில் தொங்கும் கிட்டாரின் தலை தரையைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே உள்ளே குடைந்தாக வேண்டும். அலுமினிய நெக் செய்பவரின் திறமையெல்லாம், எங்கே எவ்வளவு உலோகத்தை எடுத்துவிடலாம் என்பதில்தான் இருக்கிறது. வெளியே தெரியாத வேலை அது.

சரி, ஓசைக்கு வருவோம். இங்கேதான் புதிதாக வருபவர்கள் குழம்புகிறார்கள். எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் காந்தத்தால் வேலை செய்கிறது. எஃகுக் கம்பி அதன் மேல் அதிர்ந்தால் மின்னோட்டம் பிறக்கிறது. மரத்தின் ஓசையையோ அலுமினியத்தின் ஓசையையோ அது கேட்பதில்லை, அதற்குத் தெரிந்ததெல்லாம் கம்பியின் ஆட்டம் மட்டும். அப்புறம் கழுத்து எதில் செய்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில், கம்பி தன் ஆட்டத்தை யாரிடம் இழக்கிறது என்பதில் இருக்கிறது.

கம்பியை மீட்டியதும் அதில் ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி இருக்கிறது. கொஞ்சம் காற்றிலும் கம்பிக்குள்ளேயும் வீணாகும். மீதி இரண்டு முனைகள் வழியாகக் கசியும், ஒரு பக்கம் பிரிட்ஜ், இன்னொரு பக்கம் நீங்கள் விரல் வைத்த ஃபிரெட். ஃபிரெட் அசையாமல் நின்றால் கம்பி வெகுநேரம் பாடும். ஃபிரெட்டும் கூடவே ஆடினால் கம்பியின் சக்தி நெக்குக்குப் போய்விடும். மர நெக்குகளில் சில இடங்கள் சில ஸ்வரங்களுக்கு நன்றாகவே ஆடிக்கொடுக்கும். கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். எல்லா ஸ்வரமும் கணீரென்று நிற்கும்போது, ஏதோ ஒரு கம்பியில் ஏதோ ஒரு ஃபிரெட்டில் மட்டும் ஓசை 'டுப்' என்று சீக்கிரம் செத்துவிடும். டெட் ஸ்பாட் என்பார்கள். என் கிட்டாரில் மூன்றாவது கம்பியான ஜி கம்பியில் அது உண்டு, அந்த ஸ்வரத்தை வேறொரு கம்பியில் பிடித்துத் தப்பித்துக்கொள்வேன்.

அலுமினிய நெக் விறைப்பு அதிகம், சீக்கிரம் ஆடிக்கொடுக்காது. அதைவிட முக்கியம், ஆடினாலும் அந்த ஆட்டத்தைத் தனக்குள் தின்றுவிடாது. நள்ளிரவில் சமையலறையில் ஒரு தட்டு கைதவறி விழுந்தால் வீடே எழுந்துகொள்ளும். சப்பாத்திப் பலகை விழுந்தால் 'தொப்' என்பதோடு சரி. பலகை அதிர்வைத் தனக்குள் சூடாக்கிக் கரைத்துவிடுகிறது, தட்டு அதை வைத்துக்கொண்டு ஒலிக்கிறது. ஆக, அலுமினியக் கழுத்தில் ஸ்வரம் அதிக நேரம் நிற்கும், எல்லா ஃபிரெட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிற்கும், மீட்டியவுடன் வருகிற அந்தக் கூர்மையான முதல் ஓசை மழுங்காமல் வரும். பியானோ மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. 'உலோக ஓசை' என்றும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதில் பாதி கண் கேட்கிற ஓசை. பளபளவென்று ஒன்றைக் கையில் பிடித்திருக்கும்போது காது அதையே எதிர்பார்க்கும். நீண்ட நேரம் நிற்பதும் எல்லா இடத்திலும் சமமாக நிற்பதும் மட்டும் கற்பனை இல்லை, அதற்கு மேலே சொன்ன காரணம் இருக்கிறது.

ரிக்கன்பேக்கருக்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி. 1950களின் கடைசியில் இத்தாலியின் காவ்ரியாகோ ஊரில் அன்டோனியோ பியோலி என்பவர் வான்ட்ரே என்ற பெயரில் கிட்டார்கள் செய்தார். அவருடைய தொழிற்சாலையே வட்ட வடிவம். கிட்டார்களின் உருவமோ நவீன ஓவியத்திலிருந்து இறங்கி வந்தது போலிருக்கும். அவற்றின் நெக் அலுமினியம். அமெரிக்காவில் 1970களில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஜான் வெலேனோ இன்னும் ஒரு படி மேலே போய் உடலையும் சேர்த்து முழு அலுமினியத்தில் செய்தார். மார்க் போலன், எரிக் கிளாப்டன் மாதிரி ராக் இசை நட்சத்திரங்கள் வாங்கினார்கள். எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு, கண்ணாடி போல மின்னுகிற அபூர்வப் பொருளாகவே அது நின்றுவிட்டது.

இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய ஆள் டிராவிஸ் பீன். கலிபோர்னியாவின் சன் வேலியில் 1974இல் மார்க் மெக்எல்வி, கேரி கிரேமர் இருவரோடு சேர்ந்து தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். அவர் செய்த கிட்டாரைக் கழற்றிப் பார்த்தால்தான் அவர் யோசித்த விதம் புரியும். வெளியிலிருந்து பார்த்தால் அழகான கோவா மர உடல், அதில் செருகிய அலுமினிய நெக், அவ்வளவுதான். திருகுகளைக் கழற்றி நெக்கை உருவினால், உடலோடு சேருகிற இடத்தோடு அது முடிவதில்லை. உலோகம் தட்டையான நாக்கு போல உடலுக்குள் நீண்டு வந்துகொண்டே இருக்கிறது. பிக்கப்புகள் அந்த நாக்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிரிட்ஜும் அதில்தான். அதாவது கம்பியின் இரண்டு முனைகளும், அதைக் கேட்கிற பிக்கப்பும் ஒரே உலோகத் துண்டின் மேல் இருக்கின்றன. மர உடல் அந்த எலும்புக்குப் போட்ட சட்டை. மடியில் சாய்த்து வைக்கவும் பெல்ட் மாட்டவும்தான் அது. உடலே இல்லாமல் அந்த உலோகத் துண்டுக்கு மட்டும் கம்பி மாட்டினால்கூட வாசிக்கலாம்.

நெக்கின் தலையில், நடுவே ஆங்கில டி எழுத்து வடிவில் ஓர் ஓட்டை. பெயரின் முதல் எழுத்து, கூடவே எடையும் குறைகிறது. விளம்பரத்தையும் பொறியியலையும் ஒரே வெட்டில் முடித்துவிட்டார். ஃபிரெட் பதித்த பலகை மட்டும் ரோஸ்வுட் மரம், அலுமினியத்தின் மேல் ஒட்டியது. ஆகவே விரல் நுனிக்கு மரம், உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் உலோகம்.

கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா 1970களின் நடுவில் டிபி1000, டிபி500 என்ற இரண்டு மாடல்களையும் மேடையில் வாசித்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பில் வைமன் கைகளிலும் டிராவிஸ் பீன் இருந்தது. இவ்வளவு பெரிய கைகளில் இருந்தும் நிறுவனம் 1979இல் மூடப்பட்டது. அதற்குள் வெளிவந்தவை சில ஆயிரம் கிட்டார்களும் பேஸ் கிட்டார்களும்தான்.

பணம், முதலீட்டாளர்கள், சந்தை என்று அதற்குப் பல காரணங்கள். வாத்தியத்தைக் கையில் எடுப்பவருக்குத் தெரிந்த காரணம் வேறு. சன்னல் கம்பி ஞாபகம் இருக்கிறதா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம், எல்லாம் பெருக்கல்தான். கம்பியின் நீளம் 25.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 648 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் 23 மைக்ரான் நீளும், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 23 பங்கு. எஃகு அதில் பாதிதான், சுமார் 12. ஏசி அறையில் சுருதி சேர்த்துவிட்டு, 10 டிகிரி அதிகம் இருக்கும் திறந்தவெளி மேடைக்கு வருகிறீர்கள். கிட்டார் முழுக்க அந்த வெப்பத்துக்கு வந்ததும் அலுமினியம் 0.15 மில்லிமீட்டர் நீண்டிருக்கும், எஃகுக் கம்பி 0.08 நீளப் பார்க்கும். வித்தியாசம் 0.07 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். கம்பி அந்த அளவுக்குக் கூடுதலாக இழுபடும்.

ஒரு தலைமுடியில் என்ன ஆகிவிடும்? ஆகும். முதல் கம்பியான மெல்லிய ஈ கம்பியைச் சுருதிக்குக் கொண்டுவரும்போது அது மொத்தமே நாலரை மில்லிமீட்டர்தான் இழுபட்டிருக்கும். மேலே மெல்லிய கம்பி எதுவும் சுற்றாத, வெறும் எஃகான ஜி கம்பி ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒன்றரையில் 0.07 கூடினால் இழுவை நான்கு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. இசைக்காரர்கள் அரை ஸ்வர இடைவெளியை 100 சென்ட்டாகப் பிரிப்பார்கள். இந்தக் கணக்கில் ஈ கம்பி சுமார் 13 சென்ட் ஏறும், ஜி கம்பி 35க்கும் மேல். பழகிய காதுக்கு ஐந்தாறு சென்ட் விலகினாலே உறுத்தும். எல்லாக் கம்பியும் ஒரே அளவு ஏறியிருந்தால்கூட ஏதோ சமாளிக்கலாம், தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. இங்கே ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு ஏறுகிறது. பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுகிற கார்ட் பிடித்தால் கோணலாகக் கேட்கும்.

மரத்துக்கு இந்த வியாதி இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் தலைகீழாக. மரம் இழை ஓடும் திசையில் வெப்பத்துக்கு எஃகைவிடக் குறைவாகவே நீளும். அதனால் மரக் கிட்டார் சூடேறினால் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அலுமினியக் கிட்டார் முழுக்கச் சூடேறினால் சுருதி ஏறும். ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான், அலுமினியத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம்.

உண்மையான வித்தியாசம் கையில் இருக்கிறது. மர நெக்கை ஒரு மணி நேரம் பிடித்தாலும் உங்கள் கைச்சூடு மேல்தோலோடு நின்றுவிடும். அலுமினிய நெக் அந்தச் சூட்டை வாங்கி நீளவாக்கில் பரப்பிக்கொள்ளும். மரத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகமாக அது வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே அறை வெப்பம் மாறாவிட்டாலும், நீங்கள் வாசிக்கத் தொடங்கியதே அதற்கு ஒரு வெப்பமாற்றம். குளிர்ந்த அறையில் எடுத்தவுடன் சுருதி சேர்த்துவிட்டு வாசித்தால், மூன்றாவது பாட்டில் சுருதி மேலே போயிருக்கும். மேடை விளக்கு இன்னொரு விதமாக விளையாடும். கம்பி மெல்லியது, சீக்கிரம் சூடேறும். நெக் கனமானது, மெதுவாக ஏறும். முதலில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும், அப்புறம் நெக் நீண்டு அதைத் தூக்கும். பாவம், நடுவில் மாட்டியவர் ஆணியைத் திருகிக்கொண்டே இருப்பார்.

டிராவிஸ் பீனை விட்டு விலகிய கேரி கிரேமர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். 1976இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய கிரேமர் நிறுவனத்தின் நெக்கும் அலுமினியம்தான், ஆனால் பின்பக்கத்தில் நீளமாகப் பள்ளம் எடுத்து அதில் மரப்பட்டைகளைப் பதித்திருந்தார்கள். உள்ளங்கை படும் இடத்தில் பெரும்பகுதி மரம். சில்லிப்பும் குறைந்தது, எடையும் குறைந்தது, டிராவிஸ் பீனின் காப்புரிமையிலும் இடறவில்லை. தலை இரண்டு கவையாகப் பிரிந்து, சுருதிக்கவை மாதிரியே இருக்கும். ஃபிரெட் பலகைகூட மரமில்லை, எபனால் என்ற கெட்டியான செயற்கைப் பொருள். எனக்கு இந்த நெக்கைத்தான் பிடிக்கும். டிராவிஸ் பீனுடையது ஒரு கொள்கையின் அழகு. இது குறையை ஒப்புக்கொண்டு செய்த வேலை. ஆனால் சந்தைக்கு இரண்டும் ஒன்றுதான் போலும். 1980களின் தொடக்கத்தில் கிரேமரும் மர நெக்குக்கு மாறினார்கள், மாறிய பிறகுதான் ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் கையில் ஏறி, அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அதே சமயத்தில் கார்பன் இழையில் செய்த நெக்குகளும் வந்துவிட்டன. விறைப்பு அதிகம், எடை குறைவு, வெப்பத்துக்கும் மசியாது. அலுமினியத்துக்கு இருந்த வேலையைப் பாதி அது வாங்கிக்கொண்டது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், பழைய டிராவிஸ் பீன்கள் அடகுக்கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் மலிவாகக் கிடந்ததும், அவை இரைச்சலை நேசிக்கிற ஒரு தலைமுறையின் கையில் போய்ச் சேர்ந்ததும்தான். சிகாகோவின் ஸ்டீவ் ஆல்பினி அதில் முக்கியமானவர். ஒலிப்பதிவாளராக உலகம் அறிந்தவர், 2024இல் இறந்தார். ஷெல்லாக் குழுவில் அவர் வாசித்தது டிராவிஸ் பீன் டிபி500. கிட்டார் பெல்ட்டைத் தோளில் மாட்டாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிப்பார். அந்த ஓசையை இனிமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தகரத்தை அறுப்பது போல, ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாக வெட்டி விழும். ஜீசஸ் லிசார்ட் குழுவின் டுவேன் டெனிசனும் இதே வழிதான். கார்சியா அதில் தேடியது நீண்டு நிற்கும் மணியோசை. இவர்கள் தேடியது மழுங்காத கூர்மை. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம்: கழுத்து எதையும் தின்றுவிடுவதில்லை.

2000களில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் கெவின் பர்கெட் நடத்தும் எலக்ட்ரிகல் கிட்டார் கம்பெனி இந்தக் கைவேலையைத் திரும்பத் தொடங்கியது. மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஆஸ்போர்ன் வாசிப்பது அவர்கள் செய்ததுதான். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சின்னச் சின்னப் பட்டறைகள் அலுமினிய நெக் செய்கின்றன. 1970களில் மில்லிங் மெஷினில் ஆள் நின்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியதை இப்போது கணினி பார்த்துக்கொள்கிறது. இதில் ஒரு சங்கடம், டிரஸ் ராட் இல்லாததால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்னே சொன்ன அந்த விசிட்டிங் கார்டு அளவு வளைவைக்கூட செதுக்கும்போதே வைத்துவிட வேண்டும். நெக் தப்பாகிவிட்டால் மரத்தைப் போல நீராவி காட்டி நிமிர்த்தவும் முடியாது.

விலையைக் கேட்காதீர்கள். ஒரு நல்ல டிராவிஸ் பீன் இன்று நம் பணத்தில் லட்சங்களில்தான் கைமாறுகிறது. ஆனால் ஏதாவது ஸ்டுடியோவில், யாராவது நண்பர் வீட்டில் ஒரு அலுமினிய நெக் கையில் கிடைத்தால் உடனே சுருதியைத் தொடாதீர்கள். முதலில் பெல்ட்டை மாட்டி நின்று தலை கீழே இழுக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நெக்கை இடது கையால் நன்றாகப் பிடித்துக்கொண்டு, ஓசை எப்படியிருந்தாலும் சரி என்று பத்து நிமிடம் மேலும் கீழுமாக வாசியுங்கள். கட்டைவிரலுக்கு அந்தச் சில்லிப்பு தெரியாமல் போகும் ஒரு நேரம் வரும். அப்போது சுருதி சேருங்கள். ஜி கம்பியில் ஒவ்வொரு ஃபிரெட்டாக ஒரே ஒரு முறை மீட்டி, ஓசை தானாக அடங்கும்வரை விரலை எடுக்காமல் காத்திருந்து கேளுங்கள். கொஞ்ச நேரம் ஆகும்.